சர்க்கார் வைத்துக் கொடுத்த வக்கீல்

"ஓசியில குடுக்கிற வக்கீலும் சர்க்கார் ஆஸ்பத்திரி கலர் தண்ணியும் ஒண்ணுதான்டி, பிரிஜெட். குடிச்சாலும் சாவு, குடிக்காட்டியும் சாவு" என்றாள் பக்கத்து வீட்டுப் பவுலின்.

சூளைப் பேட்டையில் பவுலினின் வாய்க்குப் பயப்படாதவர் கோயில் சாமியார் ஒருவர்தான். அவரும் பூசை முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போவதாகப் பேச்சு உண்டு. பிரிஜெட் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள். ரிச்மண்ட் டவுன் துரைசானி ஒருத்தியின் பிள்ளைக்கு ஃபிராக் தைத்துக்கொண்டிருந்தாள். தையல் மெஷினின் சத்தம் அவளுக்கு அப்போது நல்ல துணையாக இருந்தது. பேச வேண்டியதில்லை, அழவும் வேண்டியதில்லை.

"நான் சொல்றேன், கேளு. மெஷினை வித்துடு. நல்ல பாரிஸ்டரா ஒருத்தரைப் போய்ப் பாரு. சர்க்காரே புடிச்சு உள்ளே போட்டுச்சு, சர்க்காரே வக்கீலும் வெக்குதாம். கயிறும் அவங்களுது, கயித்தை அறுக்கிற கத்திரிக்கோலும் அவங்களுதா? எந்த ஊரு நியாயம்டி இது?"

பிரிஜெட்டின் மனசில் ஓடியதும் அதேதான். ஆனால் மெஷினை விற்றாலும் பாரிஸ்டர் வீட்டு வாசல்வரைதான் போகலாம், உள்ளே போக முடியாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் புருஷன் மைக்கேல்ராஜ், அல்சூர் பக்கம் இருந்த ஒரு பட்டாளத்து ஆபீஸர் மெஸ்ஸில் தலைமைப் பட்லர். வெள்ளைக் கோட்டு, தலையில் விசிறி வைத்த தலைப்பாகை, இடுப்பில் சிவப்புப் பட்டை. மேஜைக்குப் பின்னால் அவர் நின்றால் சுவரில் மாட்டிய படம் மாதிரி இருப்பார். கிளாஸில் ஒரு விரல் அளவு குறைந்தால்தான் அந்தப் படத்துக்கு உயிர் வரும். இப்போது அவர்மேல் கொலைக் கேஸ். செத்தவன் தியோடர், சந்தாபுராவிலிருந்து வந்து மெஸ்ஸில் பரிமாறுகிற வேலை பார்த்தவன். துரைகள் கிளாஸில் மிச்சம் வைப்பதைக் குடிக்கிற பழக்கம் அவனுக்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதற்காக மைக்கேல்ராஜ் எல்லார் முன்னாலும் அவனைக் கன்னத்தில் அறைந்தார். அன்றைக்கு மத்தியானம் துரைகள் கறி சாப்பாடு முடித்துச் சுருட்டுப் பற்றவைத்த நேரத்தில், நிலவறைப் படிகளின் அடியில் தியோடர் மண்டை உடைந்து கிடந்தான். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தவர் மைக்கேல்ராஜ்.

மெஸ்ஸை மேற்பார்க்கிற காப்டன் துரை ஓடி வந்து, "யார் இதற்குப் பொறுப்பு?" என்று கத்தினார். மைக்கேல்ராஜ் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "என் தப்பு, சார்" என்றார். பிறகு மாஜிஸ்திரேட் துரை கேட்டபோதும் அதே மூன்று வார்த்தை. அதற்குமேல் யாரும் எதையும் தேடவில்லை.

தேடினால்தானே கிடைக்கும்.

*

செஷன்ஸ் கோர்ட்டில் கேஸை எடுத்த காலையில், "உனக்கு வக்கீல் உண்டா?" என்று ஜட்ஜ் துரை கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். மைக்கேல்ராஜ், விருந்தாளி கேட்ட ஒயின் தீர்ந்துபோனதைச் சொல்கிற பட்லரின் வருத்தத்தோடு, "இல்லீங்க" என்றார்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் வைக்க வழியில்லை என்றால், கோர்ட்டே சர்க்கார் செலவில் ஒருவரை வைத்துக் கொடுப்பது வழக்கம். ஜட்ஜ் வக்கீல்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். உடனே அத்தனை பேருக்கும் கையிலிருந்த காகிதத்தில் அவசரமான வேலை வந்துவிட்டது. பாடம் படிக்காத பிள்ளைகள் வாத்தியார் பார்வையில் படாமல் குனிவார்களே, அப்படிக் குனிந்தார்கள். சர்க்கார் கொடுக்கிற கூலி ஜட்கா வண்டி வாடகைக்குக் கூடக் காணாது. தோற்றால் கெட்ட பெயர், ஜெயித்தால் நல்ல பெயரும் கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். குள்ளமான ஆள், நாற்பது வயதிருக்கும். சைக்கிளில் வந்ததால் கால்சட்டையின் அடியில் கிளிப் போட்டிருந்தார். அதைக் கழற்ற மறந்துவிட்டதைப் பார்த்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கறுப்பு கவுன் இடது தோளில் கிழிந்து, உள்ளே இருக்கிற கோட்டு தெரிந்தது.

"மிஸ்டர் சுந்தரராமன்" என்றார் ஜட்ஜ். "நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா?"

"சந்தோஷமாக, மை லார்ட்."

சந்தோஷமாம்! பிரிஜெட் பின்பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் கிழிசலையே பார்த்தாள். பத்து வருஷமாகத் துணியோடு பழகியவள். ஒரு மனுஷனின் தையலைப் பார்த்தால் அவன் வீட்டு நிலவரம் அவளுக்குத் தெரிந்துவிடும். 'தன் கவுனையே தைக்க முடியாதவர் என் தாலியை எங்கே காப்பாத்தப் போறாரு' என்று நினைத்தாள்.

இப்படி வைத்துக் கொடுத்த வக்கீல் அங்கேயே காகிதக் கட்டை வாங்கிப் புரட்டுவார், அப்போதே சாட்சி விசாரணை தொடங்கும். அதுதான் அங்கே நடைமுறை. சர்க்கார் தரப்பு வக்கீல் எழுந்து, "சின்னக் கேஸ்தான். குற்றவாளியே ஒப்புக்கொண்டிருக்கிறார். டிஃபனுக்கு முன்னால் முடிந்துவிடும்" என்றார்.

சுந்தரராமன் காகிதக் கட்டைத் திறக்கவே இல்லை. "முடிந்துவிடும் என்றுதான் நானும் பயப்படுகிறேன், மை லார்ட்" என்றார் இங்கிலீஷில். "கேஸோடு ஓர் ஆளும் முடிந்துவிடுவார். அவருடைய முகத்தையே நான் இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு அவகாசம் வேண்டும்."

பிரிஜெட்டுக்கு இங்கிலீஷ் காதால் வரும், வாயால் வராது. துரைசானிகளின் அளவெடுத்துப் பழகிய காது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஜட்ஜ் கடிகாரத்தைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தார்.

*

மறுநாள் சாயங்காலம் சூளைச் சந்துக்குள் அந்த சைக்கிள் வந்தது. வக்கீலைப் பார்க்கக் கட்சிக்காரன்தான் போவான். வக்கீல் கட்சிக்காரன் வீட்டைத் தேடி வருவதைப் பவுலின் தன் ஜன்மத்தில் பார்த்ததில்லை. தண்ணீர் பிடிக்கிற சாக்கில் குடத்தோடு வாசலில் நின்றுகொண்டாள்.

சுந்தரராமன் முக்காலியில் உட்கார்ந்து, கோட்டுப் பையிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்தார். "கோர்ட்டிலேருந்து நேரே வரேன். பசி. தப்பா எடுத்துக்காதீங்கோ. நீங்களும் எடுத்துக்கோங்கோம்மா."

கொலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மெஸ்ஸிலே ஒரு கண்ணாடி கிளாஸ் உடையறதுன்னு வெச்சுக்கோங்கோ. என்ன நடக்கும்?" என்று கேட்டார்.

பிரிஜெட்டுக்கு எரிச்சலாக வந்தது. "கிளாஸா? எங்க ஊட்டுக்காரரு கழுத்துக்குக் கயிறு வந்திருக்குது. நீங்க கிளாஸைக் கேக்கறீங்க."

"கிளாஸைத்தாம்மா கேக்கறேன்."

"ஒடைஞ்சா, தொரை 'யாரு?'ன்னு கேப்பாரு. இவரு 'என் தப்பு, சார்'னு சொல்வாரு."

"இவர் உடைக்கலைன்னாலும்?"

"யாரு ஒடைச்சா இன்னா? தொரைங்க மேஜைக்கு முன்னாடி 'நான் இல்லே, அவன்'னு கை காட்டினா மரியாதையாய்யா? வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே அந்தக் காப்டன் தொரைக்கு முந்தி இருந்தவரு சொல்லிட்டாராம், 'எனக்குச் சாக்குப் போக்கு வேணாம், ஒரு ஆளு வேணும்'னு. அன்னிலேருந்து எது நடந்தாலும் அந்த ஆளு இவருதான். சூப்பு திரிஞ்சா இவரு தப்பு. மழை ஒழுகி பில்லியர்ட்ஸ் மேஜை நனைஞ்சுச்சே, அதுவும் இவரு தப்பு."

வாசலிலிருந்து பவுலின், "கர்னல் தொரை நாய் செத்துச்சே, அதைச் சொல்லு" என்றாள்.

"ஆமாங்க. கெழட்டு நாயி, பல்லு கூட இல்லே. தூங்கினாப்புல செத்துப் போச்சு. அதுக்கும் இவருதான் போயி மன்னிப்புக் கேட்டாரு."

கடலையை உரித்துக்கொண்டிருந்த சுந்தரராமனின் விரல்கள் நின்றன. "அப்போ நிஜமா யார் பண்ணினதுன்னு எப்போ தெரியும்?"

"அது அப்புறம். தொரைங்க எல்லாம் எழுந்து போனப்புறம், அடுப்படியில. இவரு இடுப்புப் பட்டையை அவுத்து ஆணியில மாட்டுவாரு. மாட்டிட்டு, 'இப்பச் சொல்லுங்கடா, எவன்?'ம்பாரு. அங்கே பொய் கிடையாது. இவரும் மனசுல இருக்கிறதைச் சொல்வாரு. காப்டன் தொரையைக் கூடக் காய்ச்சுவாரு. அபராதம் விழுந்தா எல்லாரும் பங்கு போட்டுக்குவாங்க. பட்டை ஆணியில ஏறினாத்தான் எங்காளு வாயில நெஜம் வரும்."

இருட்டுகிற வரை இருந்தார். மேஜையில் எந்தப் பக்கமிருந்து பரிமாறுவது, நிலவறையில் என்ன வைப்பது, ஐஸ் எப்போது வரும், யார் இறக்குவார்கள் என்றெல்லாம் கேட்டார். போகும்போது, "நாளைக்கு நான் ஜெயிலுக்குப் போறேன். நீங்களும் வாங்கோ, மனு போட்டிருக்கேன்" என்றார்.

சைக்கிள் முனை திரும்பியதும் பவுலின் வந்து, தரையில் கிடந்த கடலைத் தோலைப் பார்த்தாள். "நாயி செத்ததை எல்லாம் கேட்டுக்கினு போறாரே, நாய்க்கும் இவருதான் வக்கீலா?"

பிரிஜெட் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. அவளுக்கே அது திருட்டுத்தனம் மாதிரி இருந்தது.

*

ஜெயிலில் மைக்கேல்ராஜ் முதலில் கேட்டது, "வக்கீலய்யாவுக்கு நாற்காலி இல்லியா?" என்பதுதான். சுந்தரராமன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்ததும் அவருக்கு அவமானமாகப் போயிற்று. கம்பிக்குப் பின்னால் தானும் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மைக்கேல்ராஜ், தியோடரைத் தள்ளினது நீங்களா?"

"பையன் என் பொறுப்புல இருந்தவன், சார். அவனுக்கு எது நடந்தாலும் என் தப்புதான்."

"அதை நான் கேக்கலை. ஜட்ஜ் உங்களைக் கேப்பார். 'நான் தள்ளலை'ன்னு சொல்லணும். எங்கே, சொல்லுங்கோ."

"அவ்வளோ பெரிய தொரை எதிர்ல, எப்படி சார்? காப்டன் தொரையும் அங்கே இருப்பாரு. அவரு எழுதிக் குடுத்ததைப் பொய்யின்னு நான் சொல்றதா?"

"உன்னைத் தூக்குல போடப்போறாங்கய்யா!" என்று பிரிஜெட் கத்தினாள். புருஷனை அவள் ஒருமையில் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "பிரிஜெட், கோர்ட்டுக்கு நம்ம யூனிஃபாரம் கொண்டா. நல்லாக் கஞ்சி போடு. பட்டையை மறந்துடாதே. அங்கே கசங்கின துணியோட நின்னா மெஸ்ஸுக்குத்தான் கேவலம்" என்றார்.

சுந்தரராமன் அதற்கப்புறமும் ஜெயிலுக்குப் போனார், தனியாகவே போனார். ஒவ்வொரு தடவையும் அதே பதில் கிடைத்திருக்க வேண்டும். சூளைக்கு வந்து பிரிஜெட்டிடம் விவரம் சொல்லும்போது முகத்தில் அது தெரியும், வாயால் சொல்ல மாட்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் வரவில்லை. திங்கட்கிழமை காலை கோர்ட்டு வாசலில் பார்த்தபோது காலை விந்தி விந்தி நடந்தார்.

"இன்னாய்யா ஆச்சு?"

"காப்டன் கிட்டே அனுமதி வாங்கி, நேத்து மெஸ் நிலவறையைப் பார்க்கப் போனேன். ஐஸ் இறக்கின கையோட போனேன். மெஸ் பையன்கள் மாதிரி செருப்பைக் கழட்டிட்டுப் படியிலே கால் வெச்சேன், அவ்வளவுதான். கடைசிப் படி வரைக்கும் உட்கார்ந்தபடியே போயிட்டேன்." சொல்லிவிட்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி சிரித்தார். "நல்ல வேளை, என் மண்டை கெட்டி."

கூட வந்திருந்த பவுலின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். சூளையில் யாரிடம் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

பிரிஜெட் அந்த மனுஷனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொந்தத் தம்பியாக இருந்தால்கூட 'எந்தப் படி, எவ்வளவு ஈரம்' என்று போய் விழுந்து பார்ப்பானா? இவருக்கு யார் சொன்னார்கள்? சர்க்கார் கொடுக்கிற கூலியில் படியில் விழுவதற்கு ஒரு பங்கு உண்டா என்ன?

*

முதல் சாட்சி மெஸ் சமையற்காரர் ஞானசேகரன். தியோடரை மைக்கேல்ராஜ் அறைந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். சர்க்கார் தரப்பு வக்கீலுக்கு அது போதும், உட்கார்ந்துவிட்டார்.

சுந்தரராமன் எழுந்தார். "அன்னிக்கு ஐஸ் எத்தனை மணிக்கு வந்தது?"

ஞானசேகரன் விழித்தார். "சாப்பாட்டுக்கு முன்னாடி, சார்."

"எந்த வழியா நிலவறைக்கு இறக்கினா?"

"அந்தப் படி வழியாத்தான். கோணியில சுத்தி, மரத்தூள் போட்டு."

"படியிலே தண்ணி சொட்டுமா?"

"சொட்டும், சார். சொட்டாம எப்படி?"

"யார் துடைக்கணும்?"

ஞானசேகரன் கூண்டிலிருந்த மைக்கேல்ராஜைப் பார்த்தார். "நான்தான், சார்" என்றார் மெதுவாக. "கறி அடுப்புல இருந்துச்சு. அப்புறம் துடைக்கலாம்னு விட்டுட்டேன். இதை யாரும் எங்கிட்ட கேக்கலே, சார்." சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தார்.

அடுத்து டாக்டர். பின்மண்டையில் அடி, தடியால் அடித்தாலும் வரலாம், வழுக்கி விழுந்தாலும் வரலாம் என்றார்.

பிறகு காப்டன் துரை. நெட்டையாக, நேராக நின்று, அன்று கேட்டதையும் பதில் வந்ததையும் சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அதுதான் பிரிஜெட்டுக்குப் பயமாக இருந்தது. பொய்யனை எதிர்க்கலாம், மெய்யனை எப்படி எதிர்ப்பது?

"காப்டன், போன மழைக்கு பில்லியர்ட்ஸ் மேஜை நனைந்ததே, யார் தப்பு?" என்று சுந்தரராமன் இங்கிலீஷில் கேட்டார்.

"பட்லர் தன் தப்பு என்றார்."

"கூரை அவர் வேய்ந்ததா?"

"இல்லை. அது பட்டாளத்துக் கட்டடம்."

"சூப் திரிந்தபோது?"

"தன் தப்பு என்றார்."

"கர்னலின் நாய் இறந்தபோது?"

கோர்ட்டில் சிரிப்புக் கிளம்பியது. காப்டனும் சிரிக்கப் போனார். பாதிச் சிரிப்பில் அது நின்றுவிட்டது. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதைப் பிரிஜெட் பார்த்தாள். மேஜை விரிப்பில் சிந்திய ஒயின் ஊறிப் பரவுமே, அப்படி ஏதோ ஒன்று அவருக்குள் பரவியது.

"தன் தப்பு என்றார்" என்றார் காப்டன்.

"இத்தனை வருஷத்தில், 'நான் இல்லை' என்று அவர் சொல்லி ஒரு தடவையாவது நீங்கள் கேட்டதுண்டா?"

"இல்லை." பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார்: "சொல்ல நாங்கள் விட்டதில்லை."

*

இடைவேளையில் வராந்தாவை ஒட்டிய மரத்தடியில் சுந்தரராமன் உட்கார்ந்திருந்தார். கடலைப் பொட்டலம் பிரிக்காமல் மடியில் கிடந்தது. பிரிஜெட் கறுப்பு நூலும் ஊசியும் கொண்டுவந்திருந்தாள். கேட்காமலே அவர் தோளருகே நின்று, கவுன் கிழிசலைச் சேர்த்துத் தைக்கத் தொடங்கினாள்.

"ஆடாம இருங்கய்யா. இது எத்தினி வருஷக் கிழிசல்?"

"என் சம்சாரம் பாமா தினமும் கேக்கற கேள்வி." அவர் சிரிக்கவில்லை. "பிரிஜெட்டம்மா, எல்லாம் நல்லாத்தான் போயிருக்கு. ஆனா சாப்பாடு முடிஞ்சதும் ஜட்ஜ் அவரையே கேப்பார். கேக்காம விட மாட்டார். திரும்ப 'என் தப்பு'ன்னு சொல்லிட்டாரோ, நான் கட்டினதெல்லாம் மணல் வீடு. என்ன பண்றதுன்னே புரியலை."

"வேற இன்னா சொல்வாரு? தலைப்பாகையும் பட்டையுமா ஜோரா நிக்கிறாரே. மேஜைக்குப் பின்னாடி நிக்கிறதாத்தான் அவுரு நெனப்பு. நான் பாவி, கஞ்சி போட்டு, இஸ்திரிப் பொட்டி போட்டு, என் கையாலேயே கொண்டாந்து குடுத்தேன்..."

சுந்தரராமன் சடாரென்று திரும்பினார். ஊசி தோளில் நறுக்கென்று ஏறியது.

"ஐயையோ!"

"பரவாயில்லை, பரவாயில்லை" என்று தோளைத் தேய்த்தபடியே எழுந்தார். "ஆணி! கோர்ட்டிலே ஆணி இருக்கா?" நூல் தொங்க, விந்திக்கொண்டே உள்ளே ஓடினார்.

*

ஜட்ஜ் துரை முன்னால் சாய்ந்து கேட்டார்: "மைக்கேல்ராஜ், இந்தச் சாவைப் பற்றி நீ சொல்ல வேண்டியது என்ன?"

மைக்கேல்ராஜ் நிமிர்ந்தார். பிரிஜெட்டுக்கு அவர் உதடு திறப்பதற்கு முன்னாலேயே வார்த்தை தெரிந்துவிட்டது. கையிலிருந்த ஜெபமாலையை இறுக்கினாள்.

"மை லார்ட், ஒரு நிமிஷம்" என்றார் சுந்தரராமன். "அவர் பதில் சொல்வதற்கு முன்னால், இடுப்புப் பட்டையைக் கழற்ற அனுமதிக்க வேண்டும்."

சர்க்கார் தரப்பு வக்கீல் எழுந்தார். "இது கோர்ட்டா, துணி மாற்றுகிற அறையா?"

"அந்தப் பட்டை அவர் உடம்பில் இருக்கிற வரை, மை லார்ட், நீங்கள் கேட்பது அவருக்குக் கேள்வி இல்லை. கிளாஸ் உடைந்த சத்தம்."

ஜட்ஜ் நீண்ட நேரம் சுந்தரராமனைப் பார்த்தார். பிறகு சாட்சிகளின் பெஞ்சில் இருந்த காப்டனைப் பார்த்தார். காப்டன் தலையைக் குனிந்திருந்தார்.

"கழற்றலாம்."

மொழிபெயர்ப்பாளர் சொன்னதும் மைக்கேல்ராஜ் திகைத்துப் போனார். பட்டை முனையைத் தடவித் தேடினார். துரைகள் இருக்கும்போது அதை அவிழ்ப்பது அவருக்கு நடுத்தெருவில் வேட்டி அவிழ்வது மாதிரி. சுற்றுச் சுற்றாக அந்தச் சிவப்பு அவிழ்ந்து வந்தது. அவிழ அவிழ மனுஷன் குறுகினார். வயிறு கொஞ்சம் முன்னே வந்தது, தோள் தளர்ந்தது. எல்லாம் முடிந்தபோது, கூண்டில் நின்றவர் சூளைச் சந்தில் வீட்டுக்கு நடந்து வருகிற மைக்கேல்ராஜ்தான். மடித்த பட்டையை எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

கூண்டுக் கட்டையின் மூலையில் ஓர் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. சுந்தரராமன் கண்ணால் அதைக் காட்டினார். மைக்கேல்ராஜ் பட்டையை அதில் மாட்டினார்.

"இப்பச் சொல்லுங்கோ, மைக்கேல்ராஜ்" என்றார் சுந்தரராமன், தமிழில், ரொம்பத் தாழ்ந்த குரலில். "எவன்?"

அந்தக் கேள்வி மைக்கேல்ராஜின் சொந்தக் கேள்வி. எத்தனையோ வருஷமாக அடுப்படியில் மற்றவர்களை அவர் கேட்டது. அவர் முகம் கோணியது.

"நான் தள்ளலே" என்றார்.

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷாக்கி முடிப்பதற்குள் மிச்சமெல்லாம் கொட்டியது. "காலையில அறைஞ்சேன், நெஜந்தான். கை வலிச்சுது, மனசும் வலிச்சுது. மத்தியானம் அவனைக் கூப்பிட்டு, 'தியோடரு, போயி சோடா எடுத்தாடா, கோவிச்சுக்காதே'ன்னேன். சிரிச்சுக்கினு போனான். தடால்னு சத்தம். நான் ஓடினேன். வெறுங்காலு, ஈரப் படி. துடைக்கச் சொன்னேன், துடைச்சாங்களான்னு பாக்கலே. அது என் தப்பு. அந்தத் தப்புக்கு இன்னா குடுத்தாலும் வாங்கிக்கிறேன். ஆனா தள்ளினது நான் இல்லே. நான் இல்லே, தொரை!" கடைசி வார்த்தையை ஜட்ஜைப் பார்த்துச் சொல்லவில்லை. காப்டனைப் பார்த்துச் சொன்னார். அதுவும் கத்திச் சொன்னார்.

தன் புருஷன் ஒரு துரையைப் பார்த்துக் கத்துவதைப் பிரிஜெட் கேட்டாள். கல்யாண நாளில்கூட அவர் அவளுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்ததில்லை.

ஜட்ஜுக்கு அபிப்பிராயம் சொல்ல உட்கார்ந்திருந்த அசெஸர்கள் இரண்டு பேரில் ஒருவர் பியானோக் கடைக்காரர், மற்றவர் கல்லூரி வாத்தியார். இருவரும் தனித்தனியே "குற்றவாளி இல்லை" என்றார்கள். ஜட்ஜும் அதையே சொன்னார். சொல்லிவிட்டு, தன் பேனாவை மூடியபடி, "மிஸ்டர் சுந்தரராமன், இந்தக் கேஸை டிஃபனுக்கு முன்னால் முடிக்காததற்காக இந்தக் கோர்ட் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது" என்றார். சர்க்கார் தரப்பு வக்கீல் எழுந்து வந்து சுந்தரராமனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் சர்க்கார் சம்பளம்தான், இவரும் சர்க்கார் கூலிதான். பவுலின் சொன்ன கயிறும் கத்திரிக்கோலும் கைகுலுக்குவதைப் பிரிஜெட் கண்ணீருக்கு நடுவே பார்த்தாள். ஒரே பெட்டியில் இரண்டையும் வைத்திருக்கிற சர்க்காரைக்கூட அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பிடித்தது.

வாசலில் பவுலின் வக்கீலின் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "வக்கீலய்யா, உங்களை நான் கலர் தண்ணின்னு சொன்னேன். இவளைக் கேளுங்க."

"கசந்ததா, இனிச்சதா?"

"காலு வலிக்கு நல்லெண்ணெய் தடவுங்க" என்றாள் பவுலின். அவள் அகராதியில் அதற்குமேல் மன்னிப்புக் கிடையாது.

காப்டன் துரை கொஞ்ச தூரத்தில் நின்று மைக்கேல்ராஜையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்து பேசலாமா என்று யோசிப்பவர் போல. அவர் யோசிக்கட்டும். பிரிஜெட் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். பட்டை உள்ளே கூண்டில் ஆணியிலேயே கிடந்தது, எடுத்துவர அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

சுந்தரராமன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தோளில் பாதித் தையல், அதிலிருந்து ஒரு முழம் நூல். கோர்ட்டு சேவகன் ஒருவன் பின்னால் ஓடி வந்து, நாளை எடுக்கப்போகிற கேஸில் அடுகோடி ஊர்க்காரர் ஒருவருக்கு வக்கீல் இல்லை, ஜட்ஜ் துரை கேட்கச் சொன்னார் என்று காகிதக் கட்டு ஒன்றை நீட்டினான். அவர் வாங்கி சைக்கிள் பின்னால் செருகிக்கொண்டார்.

மைக்கேல்ராஜ் முன்னே போய், கைகூப்பி, தழுதழுத்த குரலில் சொன்னார்: "உங்களுக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன், சார். காலு வேற அடிபட்டுப் போச்சு. எல்லாம் என் தப்பு."

சுந்தரராமன் அவருடைய வெறும் இடுப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

"பட்டையைத்தான் கழட்டியாச்சே, மைக்கேல்ராஜ்!"

அவர்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கோர்ட்டு மரத்திலிருந்த புறாக்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. பிரிஜெட் சிரிக்கவில்லை. வக்கீலின் கவுனை எட்டிப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கே ஓடறீங்க? தையல் பாதியில நிக்குது. இந்தக் கிழிசலோட நாளைக்கு அந்த ஆளு ஊட்டுப் பொம்பளை முன்னாடி போயி நிக்காதீங்கய்யா, பாவம், பயந்துடுவா" என்று சொல்லி, ஊசியில் நூலைக் கோக்கத் தொடங்கினாள்.